நாலு இஸ்வேரா

மெதிங் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான்தான் அவளுக்கு ஒன்று செய்தேன்.

இலோய்லோ நகரில் எங்கள் வானொலி நிலையத்தில் நான் ஒலிக்காரன். மழை, இடி, குதிரைக் குளம்பு, கன்னத்தில் விழும் அறை எல்லாம் என் கைவேலை. என் பெயர் சல்வதோர், எல்லாருக்கும் பாதோங். ரெமெதியோஸ் என்கிற மெதிங் எங்களுக்கு நாடகம் எழுதுகிறவள். என்னைவிடப் பதினோரு வயது இளையவள், அதனால் அண்ணன் முறை வைத்து மானோங் என்றுதான் கூப்பிடுவாள்.

1984இல் அவள் 'சனிக்கோளின் விதவைகள்' என்று ஒரு தொடர் ஆரம்பித்தாள். தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு, பதினைந்து நிமிடம். சனியைச் சுற்றி அலையும் ஒரு விண்கப்பல், போரில் கணவனை இழந்த நாற்பது பெண்கள், அவர்களை விடாமல் துரத்தும் ஓர் இரும்பு மனிதன். சந்தையில் மீன் வெட்டுகிறவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். விண்கப்பலின் கதவு திறக்க நான் அலுவலக இரும்பு அலமாரியின் இழுப்பறையை இழுப்பேன். இரும்பு மனிதனின் குரலும் நான்தான். பால்மாவு டப்பாவுக்குள் வாயை வைத்துப் பேசினால் முடிந்தது.

மெதிங்கின் சாமர்த்தியம் பெயர்களில் இருந்தது. நிமோரா, கலேக்ரா, வாந்திரெல், ஸர்தூக். எங்கிருந்து பிடிப்பாளோ தெரியாது. ஜீப்னி வண்டியில் வரும்போது உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். இறங்கும்போது ஒரு பெயர் தயாராக இருக்கும். சொல்லும்போதே நட்சத்திரங்களுக்கு நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் ஊரில் பெயர் வைக்க யாருக்கும் கூச்சம் கிடையாது. அப்பன் பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி ஒட்டவைத்துப் பிள்ளையை அழைக்கிற ஜனங்கள். சனிக்கோளிலிருந்து பெயர் வருகிறதென்றால் விடுவார்களா? முதல் வருடமே ஒன்பது நிமோராக்கள் பிறந்தார்கள். எங்கள் மேலாளர் குஸ்தீலோ சார் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம தொடர்ல வர்ற பேர வெச்சா ஒரு டப்பா பால்மாவு, சனிக்கிழமை ரேடியோல பிள்ளை பேர வாசிப்போம்" என்று அறிவித்துவிட்டார். அதன்பிறகு பிரசவ வார்டு முழுக்கச் சனிக்கோளாகிவிட்டது.

பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து திருமதி சுமகாய்சாய் ஒருநாள் நேரிலேயே வந்து சத்தம்போட்டார்.

"கலேக்ராவுக்கு என்ன எழுத்துய்யா? ஒருத்தி சி போடுறா, ஒருத்தி கே போடுறா, ஒருத்தி கியூ போடுறா! நீங்க பாட்டுக்கு வாயால சொல்லிட்டுப் போயிடுறீங்க, எழுதுறது நானா நீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். மெதிங் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது வேறு மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

"மானோங், நேத்து சந்தைல ஒருத்தி கத்துறா. 'நிமோரா, மூக்கச் சிந்துடி, வாய்க்குள்ள போகுது பாரு!' என் நிமோரா நாற்பது பேருக்குத் தலைவி. அவ மூக்கச் சிந்துவாளா?"

"புள்ளைன்னா சிந்தத்தானே செய்யும்."

"இப்ப நான் அவளப் பத்தி எழுத உக்காந்தா மூக்குதான் ஞாபகம் வருது."

அடுத்த மாதமே நிமோராவைக் கதையில் கொல்ல முடிவு செய்தாள். சேதி எப்படியோ வெளியே போய், இடுப்பில் மூன்று வயதுக் குழந்தையோடு ஒருத்தி நிலையத்து வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "என் மக பேர சாகடிக்காதீங்க மானாங், அபசகுனம்" என்று அக்கா முறை வைத்து அழுகை. மெதிங் பல்லைக் கடித்துக்கொண்டு நிமோராவை உயிரோடு விட்டாள். கதை அந்த இடத்தில் நொண்டியடித்தது. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லை. கணவன் டுலோ, ஹாரோ பக்கம் ஜீப்னி ஓட்டுகிறவன், பேச்சு குறைவு, வண்டியின் நெற்றியில் அவள் விண்கப்பலின் படத்தை வரைந்துவைத்திருந்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் வாயிலிருந்து பெயர் போயிற்று, அவள் வீட்டில் தொட்டில் இல்லை. இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியுமல்லவா.

முப்பத்தொன்பதாவது வயதில் வயிற்றில் கரு தங்கியது. மூன்றாம் மாதம் மதிய இடைவேளையில் பச்சோய் என்கிற நூடுல்ஸ் சூப் விற்கும் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, சூப்பை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"மானோங், ஒரு பேர் வெச்சிருக்கேன். ஒன்பது வருஷமா வெச்சிருக்கேன். கதைல வேணும்னு எத்தன தடவ கை போச்சு தெரியுமா? குடுக்கவே இல்ல."

"சொல்லு."

"டுலோவுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு. வேற ஒருத்தருக்கும் போகக்கூடாது."

"என்ன மெதிங், எங்கிட்டப் போய்."

அவள் குனிந்து, கிண்ணத்துக்குச் சொல்வது போலச் சொன்னாள். "இஸ்வேரா."

அவ்வளவு நன்றாக இருந்தது. இதுவரை அவள் கதையில் போட்டதெல்லாம் இதற்கு முன்னால் சில்லறைக்காசு.

"பொண்ணா இருந்தா" என்றாள். "பொண்ணுதான்."

1993 மார்ச் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போதெல்லாம் நாங்கள் நேரலையில்தான் நடிப்போம். காலையில் மெதிங் ஒன்பது பக்கம் எழுதிமுடித்திருந்தாள், பத்தாவது பக்கத்தில் இடுப்பு வலிக்கிறது என்று டுலோ அவளை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். ஒன்றரைப் பக்கம் குறைந்தது.

"இழுத்துப் பேசுங்க. மூச்ச வாங்கிவாங்கிப் பேசுங்க. சமாளிச்சிரலாம்" என்றார் குஸ்தீலோ சார்.

அன்றைய காட்சியில் கப்பல் தலைவியின் தங்கைக்குப் பிரசவம். தங்கையாக நடித்தவள் சாரிட்டோ. அவள் அழுதாள், முனகினாள், மூச்சு வாங்கினாள். நான் பொம்மைப் பூனையின் வயிற்றை அமுக்கிக் குழந்தை அழுகை கொடுத்தேன். கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி. எழுத்து தீர்ந்துவிட்டது. சாரிட்டோ பத்து வருட அனுபவக்காரி, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"இரும்பு மனிதா! நீ எங்களைத் துரத்தி வந்தவன். ஆனால் இந்தக் குழந்தையை முதலில் கையில் ஏந்தியவனும் நீதான். இவளுக்கு நீயே ஒரு பெயர் சொல்!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அப்புறம் குஸ்தீலோ சார் கையைச் சுழற்றிச் சுழற்றி 'பேசு, பேசு' என்கிறார். டப்பா என் வாய்க்கு முன்னால் இருந்தது. எனக்குப் பெயர் உண்டாக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே நல்ல பெயர் வாய்க்குள் உட்கார்ந்திருந்தது.

"இஸ்வேரா" என்றேன்.

டப்பாவுக்குள் அது இன்னும் அழகாக எதிரொலித்தது.

சாரிட்டோ நிஜமாகவே அழுதுவிட்டாள். கடிதம் எழுதக்கூடப் பொறுக்காமல் அன்று மாலைக்குள் ஆட்கள் நேரிலேயே வந்து, அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்கள். குஸ்தீலோ சார் என் முதுகில் தட்டி, "உனக்குள்ள இப்படியொரு ஆளு இருக்கான்னு தெரியாமப் போச்சே பாதோங்" என்றார். நான் டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினேன்.

மெதிங்குக்கு வந்தது பொய்வலி. ஆனால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, எழுந்து நடமாடக்கூடாது என்று டாக்டர் அங்கேயே படுக்கவைத்துவிட்டார். வார்டில் ரேடியோ இல்லை. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் சொல்ல வாயெடுத்து, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இரத்த அழுத்தக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம். கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் பகல் பார்வை நேரத்தில் ஒரு பை ஆரஞ்சோடு போனேன். வார்டுக்குள் நுழையும்போதே பக்கத்துக் கட்டில்காரியின் குரல் கேட்டது. பெனிதா என்று பெயர், துறைமுகத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கிறவளாம். சனிக்கிழமை காலையில்தான் பெற்றவள், அதற்குள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ சாமி! அந்தக் கதைய எழுதுறவங்க நீங்கதானா மானாங்? ஒரு நாள் ராத்திரி முழுக்கப் பக்கத்துல படுத்திருந்தேன், தெரியாமப் போச்சே! இருங்க, இவளப் பாருங்க. இவ பேரு என்னன்னு சொல்லுங்க பாப்போம்?"

மெதிங் களைப்போடு சிரித்தாள். "நிமோராவா?"

"அதெல்லாம் பழசு மானாங். இஸ்வேரா! போன செவ்வாய்க்கு முந்தின செவ்வா வந்ததே. அந்த இரும்பு மனுசன் சொன்னானே, அப்படியே மயிர் சிலிர்த்துப் போச்சு. அந்தக் கோடிக் கட்டில்காரியும் அதே பேருதான் வெச்சிருக்கா. நாந்தான் மொதல்லன்னு சண்டை போட்டேன். உங்க பாப்பாவுக்கு என்ன பேரு?"

மெதிங் தலையைத் திருப்பினாள். நான் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"மானோங்."

"ம்."

"இவங்க ஒரு பேரு சொல்றாங்க. கேட்டீங்களா?"

"மெதிங், அன்னிக்கி ஒன்றரைப் பக்கம் பத்தல..."

"அதுக்கு?"

"சாரிட்டோ திடீர்னு எங்கிட்டக் கேட்டுட்டா. எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"ஒலகத்துல வேற பேரே இல்லையா? ஒங்க பேரச் சொல்லியிருக்கலாமே! பாதோங்னு சொல்லியிருந்தா ஒரு தாயாவது திருடியிருப்பாளா?"

பெனிதா மாறிமாறிப் பார்த்தாள். "என்னாச்சு மானாங்? பேரு நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள் மெதிங். "அதான் வயிறு எரியுது."

பிறகு குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெனிதாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நர்ஸ் மூன்று தடவை பெயர் கேட்டாளாம். மூன்று தடவையும் "இன்னும் இல்ல" என்று சொல்லிப் பெயரில்லாமலே பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். முப்பது நாளுக்குள் பதியவேண்டும் என்பது சட்டம்.

அந்த முப்பது நாளில் நடந்ததை டுலோ எனக்குச் சொன்னான். பழைய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாளாம்.

"வாந்திரெல்?"

"ஐஸ் விக்கிறவன் மக."

"கலேக்ரா?"

"நம்ம தெருவுலயே ரெண்டு."

புதிதாக உண்டாக்கப் பார்த்தாள். ஒன்பது வருடமாகக் குழாயைத் திறந்தால் வந்துகொண்டிருந்தது வரவில்லை. தொர்வினா என்றால் இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்பாள். ஸெல்பாரா என்றால் தரை துடைக்கிற பொடி என்பாள். நோட்டை எறிவாள். அம்மா பாதி, அப்பா பாதி சேர்த்து மெடுலா என்று வைக்கலாமே என்று டுலோ ஆசையாகக் கேட்டிருக்கிறான். "அது மூளைக்கு அடியில இருக்கிற சமாச்சாரம்! பள்ளிக்கூடத்துல பாடத்துல வரும்!" என்று கத்தியதில் குழந்தை விழித்துக்கொண்டதாம். அதுவரை பிள்ளையை 'ஏய்', 'இது', 'தங்கம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

என்னிடம் அவள் பேசவில்லை. வீட்டிலிருந்தே கதை எழுதி அனுப்பினாள், அதில் மட்டும் எனக்குச் சேதி இருந்தது. ஓரத்தில் அடைப்புக்குறி போட்டு: 'ஒலி: ஒரு நட்சத்திரம் வெட்கப்படுகிறது.' இன்னொரு நாள்: 'ஒலி: ஒருவனுடைய நாக்கு தானாகக் கழன்று விழுகிறது. மெதுவாக.' நான் ஈரத்துணியைத் தரையில் போட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

முப்பதாம் நாள் காலையில் டுலோ என் வீட்டு வாசலில் ஜீப்னியை நிறுத்தினான்.

"ஏறுங்க மானோங். பதிவு ஆபீசுக்கு."

"நான் எதுக்குப்பா? அவ மூஞ்சியே பாக்கமாட்டேங்குறா."

"அதுக்குத்தான். அவளுக்கு யார் மேலயாவது கத்தணும். நான் ஒருத்தனே எவ்வளவு தாங்குவேன்?"

ஏறினேன். மெதிங் முன்னிருக்கையில் பிள்ளையோடு இருந்தாள். வழி முழுக்கத் திரும்பவில்லை.

பதிவு அலுவலகத்தில் திருமதி சுமகாய்சாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். மெதிங் படிவத்தை வாங்கினாள். பேனா கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு வேகமாக எழுதி நகர்த்தினாள்.

இஸ்வேரா.

டுலோ பெருமூச்சு விட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் திருமதி சுமகாய்சாய் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுத்து தப்பா இருக்கே."

"என்ன தப்பு?"

"இஸ்வேராவுக்கு ஸெட் வரும். இந்த மாசம் பதினோரு இஸ்வேரா பதிஞ்சிருக்கேன். எட்டு பேரு ஸெட்டுதான் போட்டிருக்காங்க. நீங்க எஸ் போட்டிருக்கீங்க."

"இது நான் உண்டாக்குன பேரும்மா."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"நான்தான் அந்தத் தொடர் எழுதுறவ! ஒங்களுக்கே தெரியுமே!"

"தெரியும். ஆனா அந்தப் பேரச் சொன்னது இரும்பு மனுசன். அந்த எடத்த இவருதான் சொந்தமாச் சொன்னாருன்னு ஒங்க மேலாளரு ரேடியோலயே பெருமையாச் சொன்னாரே" என்று பேனாவால் என்னைக் காட்டினார்.

மெதிங் முப்பது நாளைக்குப் பிறகு முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் எழுதமுடியாது.

"எஸ்ஸுதான்" என்றாள் அவரிடம். "பதினோரு பேரு வெச்சாலும் சரி, பதினோராயிரம் பேரு வெச்சாலும் சரி. என் பொருள நான் ஏன் விட்டுட்டுப் போகணும்? எழுதுங்க."

எழுதினார். ஞானஸ்நானத்தின்போது சாமியார் புனிதர் பெயர் ஒன்றும் வேண்டும் என்று முன்னால் மரியா சேர்த்தார். ஞானப்பெற்றோர் பதினான்கு பேர் நின்றார்கள். என்னை அழைக்கவில்லை. கோவிலின் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

கோபம் வருடக்கணக்கில் தேய்ந்தது, தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அளவுக்கு வந்தாள். பெண் கெட்டிக்காரி, அம்மாவின் நாக்கு. ஆறு வயதில் பள்ளியில் சேர்ந்தாள். முதல் வாரமே வீங்கிய முகத்தோடு வந்தாளாம். ஒரே வகுப்பில் நாலு இஸ்வேரா. டீச்சர் வருகைப் பதிவில் ஏ, பி, சி, டி என்று பிரித்திருக்கிறார். இவள் இஸ்வேரா டி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அம்மாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேரு எழுதுறதுதானே ஒங்க வேலை? ஊருக்கெல்லாம் பேரு குடுக்குறீங்க. எனக்கு மட்டும் ஏன் எல்லாரோட பேரும்?"

மெதிங் மீன் வறுத்துக்கொண்டே கரண்டியால் என்னைக் காட்டினாள். "அவரக் கேளு."

சொன்னேன். பச்சோய் கடை, பத்தாவது பக்கம், டப்பா எல்லாம். பெண் மூக்கு விடைக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மொதல்ல என் பேருதானா?"

"ஒன்னோடதுதான். நீ பொறக்குறதுக்கு ஒன்பது வருஷம் முந்தியே ஒன்னோடது."

"அப்ப நாளைக்கு வந்து எங்க டீச்சர்கிட்ட இதச் சொல்லுங்க. என்னை ஏ ஆக்கணும்."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "போய்ட்டு வாங்க" என்றாள். "ஒரு தடவையாவது அந்த வாயால நல்லது நடக்கட்டும்."

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். ஹோஃபிலேன்யா டீச்சர் நல்லவர், வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்தார். இரும்பு மனிதன் குரலில் வணக்கம் சொன்னதும் பிள்ளைகள் குதித்தார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தேன். இந்தப் பெயரை உண்டாக்கியது இவள் அம்மா, நான்தான் தவறுதலாக வெளியே விட்டேன் என்றேன்.

இரண்டாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். பெனிதாவின் மகள், தாடையைப் பார்த்தாலே தெரிந்தது. "எனக்குத்தான் மொதல்ல பொறந்தநாள். ஒரு நாள் முந்தி. எங்கம்மா சொல்லியிருக்காங்க."

இன்னொருத்தி, "எனக்கு ஸெட்டு. எனக்கு வேற பேரு" என்றாள்.

ஜன்னலோரம் ஒரு ஒல்லிக் குழந்தை, வருகைப் பதிவில் இஸ்வேரா சி, எழுந்து நின்றது. "எங்கப்பா எனக்காகவே கண்டுபிடிச்ச பேரு இது. கப்பல்ல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனாரு. அவரு இன்னும் வரல" என்றது. உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது. "அவரு பொய் சொன்னாரா?"

மெதிங்கின் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்க என்கிற பார்வை.

"இல்லம்மா" என்றேன் அந்தக் குழந்தையிடம். "ஒங்கப்பாவும் கண்டுபிடிச்சிருப்பாரு. ஒரே பேரு ரெண்டு பேருக்குத் தோணும்."

வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் இஸ்வேரா என் கையைப் பிடிக்கவில்லை. நாலடி முன்னால் நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள், என் குரலை அப்படியே பிடித்து. மெதிங் நான் உள்ளே வரும்வரை காத்திருந்தாள்.

"ரெண்டாவது தடவையும் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"அந்தப் புள்ள அழுதுச்சு மெதிங். அவங்கப்பா கப்பல்ல..."

"என் புள்ள ஒரு வாரமா அழுவுது. அத யாரு பாத்தா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். அந்தக் குழந்தை நடுங்கியதும் என் கண்ணுக்குள் இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்குத் தெரியவில்லை. அவள் சோறு போட்டாள், தட்டை வைக்கும்போது சத்தம் கேட்டது. சாப்பிட்டேன். உள்ளறையில் பெண் அம்மாவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, காகிதம் கிழிகிற அளவுக்கு எதையோ அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஜூனில் பள்ளிக்காரர்களே நாலு பேரையும் நாலு பிரிவில் போட்டுவிட்டார்கள். நாங்கள் ஒன்றும் செய்யாமலே பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதற்குள் சிநேகிதிகளின் வாயில் 'டி' ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவிலும் டி, கோவிலிலும் டி. டுலோவே வண்டியிலிருந்து "டி, ஏறு" என்றுதான் கூப்பிடுகிறான். மெதிங் மட்டும் விடுவதில்லை. சாயங்காலம் வாசலில் நின்று முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுகிறாள். முதல் குரலுக்கு அடுத்த தெருவிலிருந்து வேறொரு பிள்ளை "என்னம்மா?" என்கிறது. "ஒன்னை இல்லடி!" என்று இவள் கத்துகிறாள், பிறகு மறுபடி முதலிலிருந்து கூப்பிடுகிறாள்.